காற்றைக் கண்டிஷன் பண்ணுவது: தறிக்கூடத்திலிருந்து கூண்டு வண்டி வரை

ஏர் கண்டிஷனர் என்ற பெயரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அதில் 'குளிர்' என்ற சொல்லே கிடையாது. ரெஃப்ரிஜிரேட்டருக்குக் குளிரூட்டுவது என்ற பொருள் பெயரிலேயே இருக்கிறது. ஏசிக்கு இல்லை. காற்றைக் 'கண்டிஷன்' செய்யும் இயந்திரம் என்றுதான் பெயர். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் அது நம்ம தொழிலில்தான், நூலில்தான் போய் நிற்கிறது.

சோமனூர்க்காரர்களுக்குக் கண்டிஷனிங் என்பது புதுச் சொல் அல்ல. மில்லில் நூற்று வரும் பருத்தி நூல் காய்ந்து முறுக்கிக்கொண்டு நிற்கும். அதற்கு ஈரம் ஏற்றிப் பதப்படுத்தித்தான் பேக் பண்ணுவார்கள். முழுக்கக் காய்ந்த நூல் 100 கிலோ என்றால், அளவான ஈரம் ஏறியபின் 108.5 கிலோ. இதுதான் வியாபாரக் கணக்கு. நூல் காய்ந்தால் சிலும்பும், அறுந்துபோகும். நிலைமின்சாரம் ஏறி இழைகள் ஒட்டிக்கொள்ளும். சித்திரை வெயிலில் தறி ஓட்டியவர்களிடம் கேட்டால் பாவு அறுந்த கதையைச் சொல்வார்கள்.

இதே தலைவலி அமெரிக்காவின் வட கரோலினா மில்களுக்கும் இருந்தது. அங்கே சார்லட் நகரில் இருந்த மில் இன்ஜினியர் ஸ்டூவர்ட் கிரேமர், நூலைக் கண்டிஷன் செய்வதுபோலக் காற்றையே கண்டிஷன் செய்தால் என்ன என்று யோசித்தார். 1906-ல் 'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அந்த ஒரு சொல்லுக்குள் அவர் வைத்தது நான்கு வேலைகள்: காற்றுக்கு ஈரம் கொடுப்பது, அதைச் சுத்தம் செய்வது, வெப்பநிலையைப் பார்த்துக்கொள்வது, வெளிக்காற்றை உள்ளே ஓடவிடுவது.

அதற்கு நாலு வருஷம் முன்பே, 1902-ல், வில்லிஸ் கேரியர் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகத் தன் முதல் இயந்திரத்தை வடிவமைத்துவிட்டார். அங்கேயும் பிரச்சினை வேர்வை அல்ல. ஈரத்தில் காகிதம் விரிந்து, அடுத்தடுத்து அடிக்கும் வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. ஆக, இந்தத் தொழில்நுட்பம் முதலில் காகிதத்துக்கும் நூலுக்கும் வந்தது. மனிதன் வரிசையில் பின்னாடிதான் நின்றான்.

நூலுக்கு நல்ல காற்று ஆளுக்கும் நல்ல காற்றாகத்தான் இருக்கும் என்றில்லை. இங்கிலாந்தின் லங்காஷயரில் நெசவுக்கூடத்துக்குள் நீராவியைப் பாய்ச்சி ஈரம் ஏற்றினார்கள். நூல் அறுவது குறைந்தது. நெசவாளிகள் ஈரப்புழுக்கத்தில் வெந்தார்கள். அவர்களுடைய எதிர்ப்புக்குப் பிறகு 1889-ல் பருத்தித் துணி ஆலைச் சட்டம் வந்தது. எவ்வளவு ஈரம் ஏற்றலாம் என்று அது வரம்பு கட்டியது. ஆளுக்கு மணிக்கு 600 கன அடி புதுக்காற்று உள்ளே வந்தாக வேண்டும் என்றும் சொன்னது. இந்த 600-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நம்ம பக்கம், ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-ல் கோயம்புத்தூரில் முதல் நூற்பாலையைத் தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று நமக்கு இயற்கை கொடுத்த பாதி ஏசி. மீதியை மில்காரர்கள் இயந்திரம் வைத்துச் சரிக்கட்டினார்கள். ஆனால் கூலிக்கு நெய்யும் சோமனூர்த் தறிக்குடோன்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி வரவில்லை. ஓடோ சிமென்ட் சீட்டோ போட்ட கூரை, ஜன்னல், மேலே ஃபேன். அவ்வளவுதான்.

வண்டிக்கு ஏசி வந்த கதையும் மெதுவானதுதான். 1940 மாடல் பேக்கார்டு காரில்தான் கம்பெனியே ஏசி வைத்துக் கொடுத்தது. டிக்கியில் பாதியை அது அடைத்துக்கொண்டது. ஏசி வேண்டாமென்றால் இன்ஜினை நிறுத்தி, இறங்கி, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! நம் நாட்டில் லாரி டிரைவருக்கு ஏசி கேபின் கட்டாயமானது 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்குத்தான். அதுவும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு. அதுவரை நாமக்கல், திருச்செங்கோட்டில் பாடி கட்டி வந்த எத்தனையோ லாரிகளில், இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டினார்கள்.

இப்போது கூண்டு வண்டிக்கு வருகிறேன். எங்க ஊர்த் தம்பி ஒருத்தர் காருக்குப் பின்னால் இழுத்துப்போக ஒரு சின்ன டிரெய்லர் கட்டுகிறார். பக்கவாட்டில் பார்த்தால் படுத்திருக்கும் கண்ணீர்த்துளி மாதிரி இருக்கும். டியர்டிராப் டிரெய்லர் என்பார்கள். உள்ளே ரெண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. 1930களில், அமெரிக்காவில் பெரும் பஞ்ச காலத்தில், பாபுலர் மெக்கானிக்ஸ் மாதிரியான பத்திரிகைகளில் வந்த வரைபடங்களைப் பார்த்து ஆட்கள் தாங்களே வீட்டில் கட்டிக்கொண்ட வண்டி இது. எட்டுக்கு நாலு பிளைவுட் சீட்டுதான் இதற்கு அளவுகோல். கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் கூடு கட்டுகிற நாட்டில் இது பெரிய வித்தை இல்லை.

"அண்ணா, இதுல ஒரு டன் ஏசி வச்சுரலாமுங்களா?" என்று கேட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். வளைவைக் கழித்தால் உள்ளே சுமார் 100 கன அடி. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் 1000 கன அடி. அதில் பத்தில் ஒரு பங்கு. ஒரு டன் என்பது பனிக்கட்டிக் காலத்துக் கணக்கு: ஒரு அமெரிக்க டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கும் வெப்பம், அதாவது 3.5 கிலோவாட். இந்தப் பெட்டிக்கு அது ரொம்ப அதிகம். சட்டென்று குளிர்ந்து ஏசி நின்றுவிடும். ஈரத்தை இழுக்க நேரமே கிடைக்காது. காலையில் பிளைவுட் நசநசவென்று இருக்கும். முக்கால் டன்னே மிஞ்சும்.

அடுத்தது, ஏசியின் சூடான முதுகு வெளிக்காற்றைப் பார்த்தாக வேண்டும். ஏசி குளிரை உற்பத்தி பண்ணுவதில்லை. உள்ளிருக்கும் சூட்டை வெளியே கடத்துகிறது. பின்பக்க அடுப்படிக்குள் திருப்பி வைத்து மூடினால், கக்கிய சூட்டையே திரும்பக் குடித்துத் திணறும். வடியும் தண்ணீருக்கு வாட்டம் வைத்துக் குழாய் விட வேண்டும்.

இதெல்லாம் தச்சு வேலை, சமாளித்துவிடலாம். கரண்ட்தான் நிஜமான சிக்கல். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது மொத்தமே 1.2 யூனிட். முக்கால் டன் ஏசி விடாமல் ஓடினால் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துபோகும். உடனே எல்லோருக்கும் ஜெனரேட்டர் ஞாபகம் வரும்.

இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே, நெடுஞ்சாலை ஓரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். காரணம் கார்பன் மோனாக்சைடு. ஏசி ஓட வண்டியின் ஜெனரேட்டரைப் போட்டிருந்தார்கள். அதன் புகை தரைப்பலகையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியது என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்களின் ஆய்வு சொன்னது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். ஏசி பாட்டுக்கு உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்கிக்கொண்டிருக்கும்.

கிரேமர் சொன்ன நாலு வேலையில் நாம் குளிரை மட்டும் எடுத்துக்கொண்டோம். வீட்டில் கதவிடுக்கும் ஜன்னலிடுக்கும் மீதியைப் பார்த்துக்கொள்வதால் தெரிவதில்லை. 100 கன அடிப் பெட்டியை ரப்பர் வைத்து இறுக்கி அடைத்தால் அது தெரியும். ஜெனரேட்டரே இல்லாவிட்டாலும், ரெண்டு பேர் விடுகிற மூச்சிலேயே ஒரு மணி நேரத்தில் உள்காற்று கெட ஆரம்பிக்கும்.

இப்போது அந்த லங்காஷயர்க் கணக்கைப் போடுங்கள். ஆளுக்கு 600 என்றால் ரெண்டு பேருக்கு 1200 கன அடி. பெட்டியின் மொத்தக் காற்றும் மணிக்குப் பன்னிரண்டு தடவை மாற வேண்டும். நம் பழைய கூண்டு மாட்டு வண்டிக்கு முன்னும் பின்னும் திறப்பு. அதில் இந்தக் கவலையே இல்லை. டிரெய்லரில் ஒரு பக்கம் கீழே காற்று நுழையும் வழி, எதிர்ப்பக்கம் கூரையில் பேட்டரியில் ஓடும் சின்ன ஃபேன். அவ்வளவு போதும். உள்ளே வரும் சூட்டையும் சேர்த்து முக்கால் டன் தாங்கிக்கொள்ளும்.

தம்பியின் காகிதத்தில் கடைசியாக எழுதி வைத்தது இவ்வளவுதான்: முக்கால் டன், முதுகு வெளியே. படுத்திருக்கும்போது கூரை ஃபேன் நிற்கக் கூடாது. தரையில் வயர் போகும் ஓட்டைகூட அடைத்தாக வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று தலைமாட்டில். ஜெனரேட்டர் வண்டியில் ஏறவே கூடாது. தங்குமிடத்தில் கரண்ட் பாயின்ட் இருந்தால் ஏசி, இல்லாவிட்டால் ஃபேன்.

"அப்ப காட்டுக்குள்ள போனா ஏசி இல்லீங்களா?" என்றார்.

இல்லைதான். வால்பாறைக்குப் போகிற வண்டிக்கு ஏசி எதுக்குங்க தம்பி?