மேகம் மூடிய நாளின் கணக்கு

கொடைக்கானலுக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அட்டுவம்பட்டியை எட்டிப் பார்ப்பதில்லை. ஏரியில் படகு விட்டு, குதிரை ஏறி, பேரிக்காய் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-ல் தோன்றி அங்கே குடியேறியதால், படிக்கப் போன பெண்களுக்கு மட்டும் அந்தப் பெயர் பழக்கம். மற்றப்படி அது படிப்படியாக வெட்டிய மலைச்சரிவு நிலமும், பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற பாத்திகளும் உள்ள சிற்றூர். விடியற்காலையில் வானம் கழுவித் துடைத்தாற்போல் இருக்கும். பிற்பகலில் மூட்டம் ஏறிவிட்டால் எதிரே நிற்பவர் முகம் தெரியாது. வெயில் எத்தனை நாழிகை இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத மலை அது. அதனால்தான் அங்கே பாடுபடுகிறவர்கள் பொழுதோடு எழுந்து, முக்கியமான காரியத்தை முற்பகலிலேயே முடித்துவிடப் பார்க்கிறார்கள்.

இதே மலையின் இன்னொரு பக்கத்தில், இதே மூட்டத்தை நம்பியும் நம்பாமலும் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு வேலை நடந்து வந்திருக்கிறது. சூரியனைப் படம் பிடிக்கும் வேலை.

அதைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியதற்குக் காரணம் என் தமக்கை மகள். ஒரு கம்பெனியில் ஒப்பந்த உத்தியோகம் பார்க்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும், புதுப்பிக்கப்படாமலும் போகலாம். "அடுத்த மாசம் இந்த நாற்காலி எனக்கு உண்டா என்று தெரியாதபோது, இன்றைக்கு எதை நினைத்து மாமா மனசு ஒட்டி வேலை செய்வது?" என்று கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை. கதை எழுதிப் பிழைக்கிற நான் மட்டும் என்ன நிச்சயத்தில் இருக்கிறேன்? கதை வெளியிட்ட பத்திரிகைகளில் எத்தனையோ அச்சை நிறுத்திவிட்டன. கதையையே யந்திரம் எழுதிவிடும் என்று பயமுறுத்துகிற காலம் வேறு. அவள் கேட்டது எனக்கும் சேர்த்துத்தான்.

கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்தின் கதையைச் சொல்ல வேண்டுமானால் பஞ்சத்திலிருந்து தொடங்க வேண்டும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மாண்டவர்கள் அரைக்கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி சர்க்காரைக் குடைந்தது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ பதினோரு வருஷத்துக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன என்பது அப்போது தெரிந்திருந்தது. மழைக்கும் இந்தப் புள்ளிகளுக்கும் சம்பந்தம் இருக்குமானால், சூரியனைப் பார்த்தே அடுத்த பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லிவிடலாம் அல்லவா? இந்த ஆசை, தென்னாட்டு மலை ஒன்றில் சூரியனுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் வேண்டும் என்ற யோசனைக்கு வலுவூட்டியது.

சென்னையில் 1792 முதலே நுங்கம்பாக்கத்தில் ஒரு வான நிலையம் இருந்தது. அதன் வேலையைக் கொடைக்கானலுக்கு மாற்ற இடம் பார்த்துக் கொடுத்தவர் மைக்கி ஸ்மித் என்ற பௌதிகப் பேராசிரியர். 1895-ல் கவர்னர் வென்லாக் பிரபு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1899-ல் நிலையம் இந்திய வானிலை இலாகாவின் கீழ் வந்தது. 1901-ல் பார்வையிடும் வேலை தொடங்கியது. அப்போது மலைமேல் மோட்டார் ஏறும் பாதை கிடையாது. அது 1914-ல்தான் வந்தது. ஏழாயிரம் அடிக்கு மேல் உள்ள அந்தக் குன்றுக்குப் பாரமெல்லாம் அடிவாரத்திலிருந்து ஆள் சுமையாகவும் மாட்டுச் சுமையாகவுமே ஏறின. சுமந்தவர்களின் பெயரை எந்த அறிக்கையும் எழுதி வைக்கவில்லை.

1904 முதல் சூரியனின் படங்கள் நாள்தோறும் எடுக்கப்பட்டு வரிசையாகச் சேரத் தொடங்கின. சூரிய ஒளியில் கால்சியம் வாயுவுக்கு உரிய ஒரே நிறத்தை மட்டும் பிரித்தெடுத்துப் படம் பிடிக்கும் கருவியும் வந்து சேர்ந்தது. 1907-ல் ஜான் ஏவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் உதவி இயக்குநராக வந்து அந்தக் கருவியைச் செப்பனிட்டு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். சூரியப் புள்ளிகளில் வாயு சுழல்காற்றைப்போல் சுழல்கிறது என்ற எண்ணம் அப்போது பலமாக இருந்தது. அந்தச் சுழலைத் தேடியவருக்கு 1909 ஜனவரியில் கிடைத்தது வேறொன்று. புள்ளியின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வாயு வெளியே பாய்ந்துகொண்டிருந்தது. இன்றும் உலகப் பாடப் புத்தகங்களில் அது 'ஏவர்ஷெட் விளைவு' என்றே வழங்குகிறது.

இந்த இடத்தில்தான் கதை சுவாரசியமாகிறது. ஏவர்ஷெட்டின் நிலையம் எந்த இலாகாவின் கீழ் இருந்ததோ, அந்த இலாகாவுக்கு 1904 முதல் 1924 வரை தலைவராக இருந்தவர் கில்பர்ட் வாக்கர். கணிதத்தில் பெரிய மேதை. அவர் உணர்ச்சிக்கு இடம் கொடாமல் சூரியப் புள்ளிகளையும் மழையையும் எண்களாக எதிரெதிரே நிறுத்திப் பார்த்தார். மழையை முன்கூட்டிச் சொல்லப் போதுமான உறவு அவற்றுக்கிடையே இல்லை என்று கண்டார். பிறகு பசிபிக் சமுத்திரத்துக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே காற்றழுத்தம் ஊஞ்சல்போல் ஏறி இறங்குவதில் அவர் கவனம் சென்றது. இன்றைய 'எல் நினோ' ஆராய்ச்சிக்கு அது ஒரு மூலம்.

வாசகர்கள் இதைச் சற்றே நிதானித்துப் பார்க்க வேண்டும். ஒரு நிலையம் எந்த நம்பிக்கைக்காகக் கட்டப்பட்டதோ அந்த நம்பிக்கையின் வேர், அதே இலாகாவின் தலைவர் கையாலேயே ஆட்டம் கண்டது! நம் காலத்து நிர்வாகிகளாக இருந்தால் மறுநாளே மூடுவிழாவுக்குத் தேதி குறித்திருப்பார்கள். ஆனால் கொடைக்கானலில் மறுநாள் காலையிலும் சூரியன் உதித்தது. மூட்டம் ஏறுமுன் படமும் எடுக்கப்பட்டது. 1912 முதல் ஹைட்ரஜன் வாயுவின் சிவப்பு நிறத்திலும் படங்கள் சேர்ந்தன. இரண்டு உலக யுத்தங்கள் வந்து போயின. ஆட்சி மாறியது. 1960-ல் வைணு பாப்பு இயக்குநராக வந்தார். 1971-ல் நிலையம் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பின் அங்கமாயிற்று. அத்தனைக்கும் நடுவே படங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின.

அந்தப் படங்கள் இன்று கணிப்பொறியில் ஏறியிருக்கின்றன. ஒரு நூற்றாண்டு முழுவதும் சூரியன் எப்படி நடந்துகொண்டது என்று அறிய விரும்புகிற எந்த நாட்டு விஞ்ஞானியும் அவற்றைத் தேடி வருகிறார். 1920-ல் ஒரு படத்தை எடுத்தவருக்கு இந்த உபயோகம் கனவிலும் தெரிந்திருக்காது. மழைக்கு ஜோசியம் சொல்ல விதைத்தது வேறு விளைச்சலைத் தந்தது.

இனி ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. 'மாதா மாதம் சர்க்கார் சம்பளம் வாங்கியவர்களைக் காட்டி, அடுத்த மாதமே நிச்சயம் இல்லாதவளுக்கு உபதேசமா?' என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். வயிறு நிரம்பியவன் பொறுமையைப் போதிப்பது சுலபம்.

ஆனால் ஏவர்ஷெட்டின் வாழ்க்கையை முன்னும் பின்னும் புரட்டிப் பாருங்கள். இந்தியாவுக்கு வருமுன் அவர் இங்கிலாந்தில் ஒரு தொழில் நிறுவனத்தில் பிழைப்புக்கு வேலை பார்த்துக்கொண்டே, சொந்தக் கருவிகளால் சூரியனைப் பார்த்தவர். 1923-ல் ஓய்வு பெற்ற பிறகும் தம் ஊரில் சொந்தமாக ஒரு நிலையம் அமைத்து, எண்பது வயதைத் தாண்டியும் பார்த்துக்கொண்டே இருந்தார். சம்பளம் வருமுன்னும் நின்ற பின்னும் செய்தது ஒரே வேலைதான்.

இன்னும் பொருத்தமானவர் ஐஸிஸ் போக்ஸன். சென்னை நிலையத்தில் முப்பது வருஷம் போல உழைத்து, 1891-ல் பதவியில் இருக்கும்போதே காலமான நார்மன் போக்ஸனின் மகள். 1873-ல் தந்தைக்கு உதவியாளராகச் சேர்ந்து இருபத்தைந்து வருஷம் கணக்குப் போட்டார். சென்னை சர்க்காரின் வானிலைப் பொறுப்பையும் சுமந்தார். 1886-ல் லண்டன் ராயல் வானியல் சங்கத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, சங்கத்தின் விதியில் 'அவன்' என்று இருக்கிறது, ஆகையால் பெண்ணுக்கு இடமில்லை என்றார்கள். 1920-ல்தான் அங்கத்தினர் ஆனார். இடையில் முப்பத்து நான்கு வருஷங்கள்! எந்த மரியாதையை எதிர்பார்த்து அவர் தினசரி வெப்பநிலையைக் குறித்து வைத்தார்?

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே. நிச்சயமில்லாத காலத்தில் மேலிடம் காட்டுகிற லட்சியத்தைப் பற்றிக்கொண்டு உற்சாகமாக இருக்க முயல்வது ஆபத்து. வாக்கர் செய்ததுபோல் யாரேனும் ஒருவர் கணக்குப் பார்த்து அந்த லட்சியத்தைக் கவிழ்த்துவிடலாம். அப்போது உற்சாகமும் கூடவே கவிழும். பற்றிக்கொள்ள வேண்டியது அதைவிடச் சிறியது. இன்று எடுக்க வேண்டிய ஒரு படம். அது இன்றைக்கே முடியும், சரியாக முடிந்ததா என்பதும் இன்றைக்கே தெரியும். அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டாலும் அந்தப் படத்தை எடுக்கப் பழகிய கையை யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாது. சுரண்டுகிற முதலாளிக்குச் சலாம் போடு என்பதல்ல இதன் பொருள். கூலிக்காகவும் உரிமைக்காகவும் வாதாட வேண்டிய இடத்தில் வாதாடத்தான் வேண்டும். வாதாடுகிறவனுக்கும் தன் வேலையைப் பற்றிய கர்வம் ஒன்று கைவசம் இருந்தால் குரல் நடுங்காது.

இன்னொன்றும் உண்டு. அந்த லட்சம் படங்களுக்கு நடுவே படமே இல்லாத நாட்களும் இருக்கின்றன. மேகம் மூடிவிட்டது, எடுக்க முடியவில்லை. நேற்றைய படத்தைப் பார்த்து இன்றைக்கும் ஒன்று வரைந்து இடத்தை நிரப்பிவிடலாம் என்று நினைத்திருந்தால் நூறு வருஷ வரிசை முழுவதும் பயனற்றுப் போயிருக்கும். வெறுமையை வெறுமையாகவே விட்டார்கள். மனசு ஒட்டாத நாட்கள் நமக்கும் வரும். அன்றைக்குப் பாசாங்கு செய்யாமல், மேகம் என்று ஒப்புக்கொண்டு, மறுநாள் காலையில் போய்க் கதவைத் திறந்தால் போதும்.

2023 செப்டம்பரில் ஆதித்யா எல்-1 என்ற கலம் சூரியனைப் பார்க்கப் புறப்பட்டது. அதன் முக்கியக் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தது, கொடைக்கானல் நிலையத்தைத் தன் அங்கமாகக் கொண்ட அதே இந்திய வானியற்பியல் நிறுவனம். பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் மேகம் கிடையாது. மூட்டம் ஏறுமே என்ற அவசரமும் கிடையாது. கீழே மலையில் இருப்பவர்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவர்கள் வழக்கம்போல விடியலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.