கலேகாவில் பிறந்த மாத்திரை

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. கோவாவுக்கு அடுத்த இடம். அந்தப் பிரதேசத்தின் ஒரு துண்டான காரைக்காலில் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் தெரியாத தெரு இருக்காது. அந்த மாத்திரையின் பூர்வீகம் ஒரு செடி. டெல்டா வயல்களில் பசுந்தாள் உரமாக மடக்கி உழும் கொழுஞ்சிக்கு அது தூரத்து உறவு.

செடியின் பெயர் கலேகா. தெற்கு ஐரோப்பாவில் வளரும் அவரைக் குடும்பத்துச் செடி. கொழுஞ்சியையும் லின்னேயஸ் ஒரு காலத்தில் கலேகா இனத்தில்தான் சேர்த்திருந்தார். கலேகாவை மேய்ந்த ஆடுகள் செத்ததுண்டு. 1914இல் ஜார்ஜ் தான்ரே என்ற பிரெஞ்சுக்காரர் அதிலிருந்து கலேகின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அதன் இனத்தைச் சேர்ந்த குவானிடின் முயலின் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்று 1918இல் தெரிந்தது. 1920களில் கலேகினை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கியது, சற்று நேரத்துக்குத்தான். நஞ்சும் கூடவே வந்தது.

அடுத்து 1926இல் ஜெர்மனியில் சின்தலின் வந்தது. அதுவும் குவானிடின் வழி வந்ததே. சர்க்கரையைக் குறைத்தது, கல்லீரலைக் கெடுத்தது. கடைசியில் கைவிட்டார்கள். சர்க்கரை குறைந்தால் போதும் என்று எதையும் அரைத்துக் குடிப்பவர்கள் இந்தச் சின்தலின் கதையை அவசியம் கேட்க வேண்டும் என்பேன்.

சின்தலினுக்கு முன்பே, 1922இல் டப்ளினில் வெர்னரும் பெல்லும் மெட்ஃபார்மினை ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். இன்சுலின் வந்த நேரம். மெட்ஃபார்மினை யாரும் சீந்தவில்லை. பிலிப்பைன்ஸில் கார்சியா என்ற மருத்துவர் அதை ஃப்ளூ காய்ச்சலுக்குக் கொடுத்தார். அந்தச் செய்தி, இளம் வயதில் கலேகினை ஆராய்ந்திருந்த பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் கண்ணில் பட்டது. 1957இல் அவர் மெட்ஃபார்மினைச் சர்க்கரை மருந்தாக அறிவித்தார். காரைக்காலை விட்டு பிரெஞ்சு ஆட்சி போய் (1954 நவம்பர் 1) ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆன காலம் அது.

இந்த மாத்திரை முக்கியமாக வேலை செய்யும் இடம் கல்லீரல். சாப்பிடாத நேரத்திலும் ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது அந்த உறுப்புதான். சர்க்கரை நோயில் இன்சுலினின் பேச்சு அங்கே எடுபடுவதில்லை. கல்லீரல் இரவெல்லாம் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே இருக்கும். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தாலும் அளவு ஏறியிருப்பது இதனால்தான். மெட்ஃபார்மின் அந்தக் கொட்டலைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அதே கல்லீரலில் படியும் கொழுப்பையும், அதனால் விழும் தழும்பையும் அது ஆற்றுவதில்லை.

அந்த இடத்துக்குத்தான் மூலிகைகளைத் தேடுகிறார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தினர் சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்குக் கொழுஞ்சி விதைச் சாறு கொடுத்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை குறைந்தது, உடலின் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் சிதைவதும் தணிந்தது. எனக்கு இதில் உண்மையான நம்பிக்கை உண்டு. ஆனால் எலியில் கண்டது, முயலில் குவானிடினைக் கண்ட 1918 மாதிரி. மாத்திரை பிறக்க அதற்குப் பிறகு 39 ஆண்டுகள் பிடித்தன. அப்படி மருந்தாகத் தேறும்வரை கொழுஞ்சியோ கீழாநெல்லியோ குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, கல்லீரல் பரிசோதனையையும் செய்துகொள்ளட்டும்.