ஆறு புள்ளிகளில் ஒரு பொது எழுத்து

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களுக்கு ஒப்பிடுவது தமிழர் மரபு. இவ்வொப்புமை, பார்வையில்லாத குழந்தையை நினைக்கும்போதுதான் முழுப் பொருள் பெறுகிறது. அக்குழந்தைக்கு எழுத்தே கண்ணாக வேண்டும். ஆனால் அவ்வெழுத்து கண்ணால் அறியப்படுவதாக இருத்தல் ஆகாது. இந்தச் சிக்கலை உலகம் எவ்வாறு அவிழ்த்தது என்பதும், கிடைத்த விடை நம் நாட்டு மொழிகளுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதும் நேயர்கள் அறியத்தக்க வரலாறாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் வாலன்டின் ஹாய் என்பவர் பார்வையற்ற சிறுவர்களுக்காக ஒரு கல்விச்சாலையைத் தொடங்கினார். தடித்த காகிதத்தில் சாதாரண எழுத்துக்களையே மேடாக எழும்பும்படி அழுத்தி, அவற்றை விரலால் தடவிப் படிக்கச் செய்தார். நோக்கம் உயர்ந்தது, முறையோ கடினமானது. கண்ணுக்கென்று வரைந்த வளைவுகளை விரல் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று அறிய நெடுநேரம் பிடித்தது. நூல்கள் பெருஞ்சுமையாயின. எல்லாவற்றிற்கும் மேலாக, மாணவன் ஒருவாறு படிக்கலாமேயன்றித் தானே எழுதுதல் இயலாது. கண்ணுடையோர் தமக்கு எளிதானதையே பிறர்க்கும் எளிதெனக் கருதியதன் விளைவு இது.

அப்பள்ளிக்கு 1819-ல் பத்து வயதுச் சிறுவனாக வந்து சேர்ந்தவர் லூயி பிரெய்ல். 1809 ஜனவரி 4-ஆம் நாள் பிறந்த இவர், மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் கூரிய கருவியொன்று கண்ணில் பட்டதால் நாளடைவில் பார்வையை முற்றும் இழந்தவர். அக்காலத்தில் சார்ல்ஸ் பார்பியே என்ற படை அதிகாரி, இருளில் தடவிப் படிப்பதற்கென்று பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட ஒரு முறையை வகுத்து, அதனைப் பள்ளிக்குக் காட்டினார். கோடுகளைவிடப் புள்ளிகளை விரல் விரைந்து அறியும் என்ற உண்மை அதனால் விளங்கிற்று. ஆயினும் பார்பியேயின் முறையில் குறிகள் ஒலியை மட்டுமே குறித்தன; சொல்லின் எழுத்துக்கூட்டல் அதில் இல்லை. மேலும், பன்னிரண்டு புள்ளிகள் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. பிரெய்ல் இவ்விரு குறைகளையும் நீக்கினார். புள்ளிகளை ஆறாகக் குறைத்து, ஒலிக்குப் பதிலாக எழுத்தையே குறியாக்கினார். ஆறு புள்ளிகளிலிருந்து 63 குறிகள் பிறக்கின்றன. 1824-ல் இம்முறை உருப்பெற்றபோது அவருக்கு வயது பதினைந்து. நூலாக வெளிவந்தது 1829-ல்.

பார்வையுள்ள ஆசிரியர்கள் இதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. தாம் கண்ணால் படிக்க முடியாத எழுத்தை மாணவர் படிப்பது முறையன்று என்று எண்ணியோரும் இருந்தனர். 1840-களின் தொடக்கத்தில் அப்பள்ளியிலேயே இம்முறை சில காலம் தடுக்கப்பட்டது. மாணவர்களோ மறைவில் அதனைப் பயின்றுவந்தனர். பிரெய்ல் 1852-ல் காலமானார். பிரான்சு நாடு அவர் எழுத்தை முறைப்படி ஏற்றது அதற்கு இரண்டாண்டுகள் கழித்தேயாகும்.

இந்தியாவில் பார்வையற்றோர் கல்வி 1887-ல் அமிர்தசரசில் ஆனி ஷார்ப் அம்மையார் நிறுவிய பள்ளியோடு தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 1890-ல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் இப்பணியை ஆரம்பித்தார். 1897-ல் கல்கத்தாவில் லால் பிகாரி ஷாவும், 1901-ல் மைசூரில் சீனிவாச ராவும் பள்ளிகள் கண்டனர். இவர்கள் யாவரும் பாராட்டுக்குரியோர். ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் வட்டாரத் தேவைக்கேற்ப ஆறு புள்ளிகளைத் தாமே பகிர்ந்துகொண்டனர். இதனால் வங்காளத்திற்கு ஒரு முறை, குஜராத்துக்கு ஒரு முறை, தமிழுக்கு ஒரு முறை, மைசூருக்கு ஒரு முறை எனப் பல முறைகள் கிளைத்தன. ஒரு பள்ளியில் பழகிய விரல் மற்றொரு பள்ளியின் நூலைத் தொட்டால் அது வெறும் மேடுபள்ளமாகவே இருந்தது. படிப்போர் தொகை இவ்வாறு சிறு சிறு கூறுகளாகச் சிதறிக் கிடந்தமையால் பெரிய அச்சகம் எழவும் வழியில்லை. அச்சகம் இல்லாமையால் நூல்களும் இல்லை.

எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒரு முறை வேண்டும் என்ற முயற்சி நாடு விடுதலை பெறுமுன்பே எழுந்தது. அதில் பெரிய கருத்து வேற்றுமையும் இருந்தது. இந்திய ஒலியிலக்கணத்தைத் தழுவிக் குறிகளைப் புதிதாக வகுத்தல் வேண்டும் என்பது ஒரு சாரார் கொள்கை. உலகெங்கும் வழங்கும் பிரெய்ல் குறிகளின் ஒலியை மாற்றாமல் நம் எழுத்துக்களுக்குப் பொருத்துதல் வேண்டும் என்பது மறுசாரார் கொள்கை. பார்வையற்றவரான லால் அத்வானி 1947-ல் மத்தியக் கல்வி அமைச்சகத்தில் பணியேற்றார். இந்திய அரசு 1949-ல் இப்பிரச்சினையை யுனெஸ்கோவின் முன் வைத்தது. 1950-ல் பாரிசிலும் 1951-ல் பெய்ரூட்டிலும் அறிஞர்கள் கூடி ஆராய்ந்தனர். மொழியியலறிஞர் சுனீதி குமார் சட்டர்ஜியும், முதல் உலகப்போரில் பார்வையிழந்த நியூசிலாந்து நாட்டவரான சர் க்ளூதா மெக்கன்சியும் இம்முயற்சியில் பங்குகொண்டனர். உலகக் குறிகளைத் தழுவும் கொள்கையே நிலைபெற்றது. 1951-ல் 'பாரதி பிரெய்ல்' பிறந்தது.

அதன் அமைப்பு வியக்கத்தக்கது. கட்டத்தின் இடப்புற வரிசையில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகள் எழும்பினால் அது தமிழில் க. கன்னடத்திலும் இந்தியிலும் வங்காளத்திலும் அதுவே ககரம். ஆங்கிலத்தில் அதே ஒலியுடைய கே எழுத்தும் அதுவே. தமிழின் சிறப்பெழுத்தான ழகரத்துக்கும் இடம் உண்டு. 12 உயிருக்கும், 18 மெய்க்கும், ஆய்தத்துக்கும், மெய்யின் தலைமேல் இடும் புள்ளிக்கும் குறிகள் இருந்தால் போதும். 32 குறிகளில் 247 எழுத்துக்களும் அடங்கிவிடுகின்றன. அச்செழுத்தில் 'கொ' என்று எழுதக் கொம்பு முன்னும் கால் பின்னுமாக நிற்க வேண்டும். பிரெய்லில் ககரத்தை அடுத்து ஒகரம் வரும், அவ்வளவே. வரிவடிவத்தின் மேடுபள்ளங்கள் நீங்கி, சொல்லின் எலும்புக்கூடு அங்கே தெளிவாகத் தெரிகிறது.

நான் வசிக்கும் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் பகுதியில் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் உருதுவும் தெலுங்கும் ஒருசேரக் காதில் விழுகின்றன. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து, தெருவில் கன்னடம் பேசும் குழந்தைகள் பலர். கண்ணுடைய குழந்தை இவ்விரு மொழிகளையும் படிக்க இருவேறு எழுத்துக்களைக் கற்றாக வேண்டும். பிரெய்ல் கற்ற குழந்தையோ ஓரெழுத்தைக் கற்று இரு மொழிக்குள்ளும் புகலாம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது சாதாரணச் செய்தியாகத் தோன்றவில்லை. மொழிகளுக்கிடையே நாம் எழுப்பிய வரிவடிவச் சுவர் விரல் நுனிக்கு முன் இல்லாமற் போகிறது. இலங்கைத் தமிழ் மாணவரும் இதே முறையிலேயே படிக்கின்றனர்.

எழுத்து ஒன்றானபின் கருவிகள் விரைந்து வந்தன. 1951-லேயே டேராடூனில் மத்திய பிரெய்ல் அச்சகம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் டேவிட் ஆபிரகாம் அமைத்த பெர்க்கின்ஸ் பிரெய்ல் தட்டச்சுப்பொறி விற்பனைக்கு வந்தது. சட்டப்பலகையில் காகிதத்தைப் பொருத்தி ஊசியால் குத்தும் மாணவன், காகிதத்தைத் திருப்பிப் படிக்க வேண்டியிருப்பதால், வலமிருந்து இடமாக எழுதுகிறான். ஆறு விசைகளுள்ள இப்பொறியிலோ எழுதியதை உடனே தடவித் திருத்தலாம்.

நம் காலத்தில் கணிப்பொறி பேசுகிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள், திரையிலுள்ளதை வாய்விட்டுப் படிக்கிறது, தமிழிலும் படிக்கிறது, விலையின்றிக் கிடைக்கிறது. பார்வையற்றோருக்கான நூற்படிகளைத் தடையின்றி ஆக்கவும் பகிரவும் வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலக நாடுகளுள் முதலாவதாக உறுதிசெய்தது இந்தியா. இவை பெரும்பேறு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பொறி படிக்க, குழந்தை கேட்டுக்கொண்டேயிருந்தால் அக்குழந்தை கற்பது ஒலியை மட்டுமே. மனம் எனும் சொல்லையும் மணம் எனும் சொல்லையும் விரைந்த பேச்சில் காது பிரித்தறிவது அரிது. விளக்கும் விலக்கும் அவ்வாறே. பலர் நாவில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன. எழுத்தை அறியாமல் கேள்வியால் மட்டும் கற்ற மாணவன் தன் பெயரைக்கூடப் பிழையின்றி எழுத வழி ஏது? பார்பியேயின் முறையைத் திருத்தும்போது பதினைந்து வயதுப் பிள்ளை கண்ட குறை இதுவன்றோ? ஒலியைத் தந்து எழுத்தை மறைக்கும் கருவி கல்வியில் பாதியையே தருகிறது.

ஆகவே பேசும் பொறி ஒரு கையில் இருக்கட்டும். மற்றொரு கைவிரல் புள்ளிகளைத் தொடட்டும். அதற்குப் பிரெய்ல் அறிந்த ஆசிரியர்களும் தமிழ்ப் பிரெய்ல் நூல்களும் வேண்டும். ஒரு குழந்தையைக் கேட்பவனாக மட்டும் விட்டுவிடாமல், படிப்பவனாகவும் எழுதுபவனாகவும் ஆக்குவதே கல்வி. பாரிசில் தடையை மீறி மறைவில் புள்ளி குத்திப் பயின்ற மாணவர்கள் விரும்பியதும் அதுவே. இன்று தடுப்பார் எவருமில்லை. கற்பிப்பார் மட்டும் வேண்டும்.