திருச்சியில் ஒரு சபா பிறந்த கதை

திருச்சியில் பாட்டுக்கும் கூத்துக்கும் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஆற்றைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் அரையர்கள் கையில் தாளத்தோடு பாசுரங்களைப் பாடி அபிநயிப்பது பல நூற்றாண்டு வழக்கம். தாயார் சந்நிதிக்கு முன்னால் உள்ள மண்டபத்தில்தான் கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றினார் என்பது ஐதீகம். ஊர் கூடி உட்கார்ந்து ஒரு படைப்பைக் கேட்டு ஏற்றுக்கொள்ளும் பழக்கம் இங்கே அவ்வளவு பழையது.

ஆனால் அதெல்லாம் கோயில் பஞ்சாங்கத்துக்குக் கட்டுப்பட்டது. திருவிழா முடிந்தால் மேடையும் முடிந்தது. கோயிலை விட்டால் பெரிய வீட்டுக் கல்யாணக் கச்சேரி. அதையும் விட்டால் ஊர் ஊராகக் கொட்டகை போடும் நாடகக் கம்பெனி. கம்பெனி நாடகத்தைப் பார்க்க எல்லோருக்கும் ஆசைதான். தன் வீட்டுப் பிள்ளை அரிதாரம் பூசுகிறான் என்றால் மட்டும் மானம் போய்விடும்.

சென்னையில் 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கி, வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் மேடை ஏற்றினார். பிழைப்புக்கு வேறு வேலை, ஆசைக்கு நாடகம் என்று ஒரு வழி திறந்தது.

அந்த வழியில் திருச்சியை நடத்திச் சென்றவர் எஃப்.ஜி. நடேச ஐயர். தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி. தாமே தேர்ந்த நடிகர். 1914-ல் அவர் தொடங்கியதுதான் ரசிக ரஞ்சன சபா. ஊரார் வாயில் ஆர்.ஆர். சபா. சென்னை மியூசிக் அகாடமி பிறக்க அப்போது இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. ரயில்வேயும் கோர்ட்டும் கல்லூரிகளும் இருந்த ஊர் இது. மாதச் சம்பளமும் மாலை நேர ஓய்வும் கொண்ட ஒரு கூட்டம் இங்கே இருந்தது. ஜமீன்தாரை எதிர்பார்க்காமல் ஒரு சபா இந்த மண்ணில் வேர் பிடிக்க அந்தக் கூட்டமே காரணம் என்று நினைக்கிறேன்.

சபா எதற்காகப் பிறந்தது என்பதை ஒரு சிறுவனை வைத்தே சொல்லிவிடலாம். மாயவரத்தில் 1910-ல் பிறந்து, குடும்பத்தோடு திருச்சிக்கு வந்தவன். அப்பா கிருஷ்ணமூர்த்தி ஆசாரி பொற்கொல்லர்; மகன் தன் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பையனுக்கோ பள்ளியும் ஓடவில்லை, பட்டறையும் ஓடவில்லை. பாட்டு ஒன்றுதான். கண்டிப்புத் தாளாமல் வீட்டைவிட்டே ஓடிப்போனான். தேடிப் போன அப்பா அவனைக் கடப்பாவில் கண்டபோது, கூட்டம் சூழ நின்று பாடிக்கொண்டிருந்தானாம். மனம் மாறிய அப்பா, திரும்பி வந்ததும் பஜனைகளில் பாட விட்டார். அந்தக் குரல் நடேச ஐயர் காதில் விழுந்தது. அப்பாவிடம் அனுமதி கேட்டு வாங்கி, சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடம் கொடுத்தார். பையனுக்கு அப்போது பத்து வயதுதான்.

எம்.கே. தியாகராஜ பாகவதர் மேடை ஏறியது இப்படித்தான். அதன் பிறகே வயலின் வித்துவான் மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையான சங்கீதப் பயிற்சி. முதலில் மேடை, பிறகு பாடம். பரம்பரையும் சிபாரிசும் இல்லாத ஒரு பட்டறை வீட்டுப் பிள்ளையை அந்நாளில் எந்தப் பெரிய வீட்டுக் கூடம் தேடிப் போயிருக்கும்? சபா போனது. திருச்சி சபாவின் பெருமைகளில் இதையே நான் முதலாவதாக வைப்பேன்.

பிறகு நடந்தது தமிழ்நாட்டுக்கே தெரியும். பாகவதர் மேடையில் நடித்துப் புகழ்பெற்ற பவளக்கொடி, கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் 1934-ல் படமானது. அதே சுப்பிரமணியம் 1938-ல் சேவாசதனம் எடுத்தபோது, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு வயதான கணவராக நடிக்க நடேச ஐயரை அழைத்தார். அறுபதை நெருங்கிய வயதில், பொருந்தாத் திருமணத்தைக் கண்டிக்கும் ஒரு படத்தில், ஜனங்கள் வெறுக்கக்கூடிய பாத்திரத்தை அவர் ஏற்றார். சபா தொடங்கியவர் கலையை எவ்வளவு மெய்யாக எடுத்துக்கொண்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நடேச ஐயர் 1963-ல் காலமானார். சபா 2014-ல் நூற்றாண்டைத் தொட்டது. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெரிய பெயர்கள் வரும் நாளுக்காகக் காத்திராதீர்கள். பெயர் தெரியாத பிள்ளைகள் பாடும், ஆடும் நாளில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காருங்கள்.