பார்வைத் திருத்த லேசர் அறுவைச் சிகிச்சை: முன்னறிய வேண்டியவை

பார்வைத் திருத்த லேசர் அறுவைச் சிகிச்சை என்பது, கார்னியா எனப்படும் கருவிழிப் படலத்தின் வளைவை லேசர் கதிரால் மாற்றியமைத்து, கிட்டப்பார்வை, தூரப்பார்வை, சிலிண்டர் பவர் என்று வழங்கும் உருப்பிறழ்ச்சி ஆகிய ஒளிவிலகல் குறைகளைச் சரிசெய்யும் மருத்துவ முறையாகும். ஒளியைக் குவிக்கும் கண்ணின் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் சுமார் 43 டயாப்டரைக் கருவிழிப் படலமே தருகிறது. டயாப்டர் என்பது வில்லையின் திறனை அளக்கும் அலகு. கண்ணாடிச் சீட்டில் பவர் என்று எழுதப்படுவது இதுவே. அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் தடிமன் கொண்ட அப்படலத்தில் மிகச் சிறிய மாற்றம் செய்தாலும் பார்வை பெரிதும் மாறும் என்பதே இச்சிகிச்சையின் அடிப்படை. ஆயினும் நீக்கப்பட்ட திசு மீண்டும் வளராது என்பதால், சிகிச்சையின் வெற்றி அறுவை மேசையைவிட அதற்கு முந்தைய பரிசோதனை அறையிலேயே பெரும்பாலும் தீர்மானிக்கப்படுகிறது.

வரலாறு

கருவிழிப் படலத்தைச் செதுக்கிப் பார்வையைத் திருத்தலாம் என்ற எண்ணத்தை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் பணியாற்றிய ஒசே இக்னாசியோ பராக்கர் செயலுக்குக் கொண்டுவந்தார். கத்தியின் இடத்தை லேசர் பிடிப்பதற்கு வழிவகுத்தவர்களுள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன் முதன்மையானவர். அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் அவரும் ஜேம்ஸ் வைன், சாமுவேல் புளூம் ஆகியோரும் 1981இல், எக்சைமர் லேசரின் 193 நானோமீட்டர் புறஊதாக் கதிர், உயிர்த்திசுவின் மூலக்கூறுப் பிணைப்புகளை முறித்து, சுற்றியுள்ள பகுதியைக் கருக்காமல் நுண்ணிய அடுக்குகளாக நீக்குவதைக் கண்டறிந்தனர். கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல் 1983இல் சீனிவாசனுடன் இணைந்து இதைக் கருவிழிப் படலத்தில் ஆராய்ந்தார். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இம்முறைக்கு 1995இல் முதல் ஒப்புதல் அளித்தது.

சிகிச்சை வகைகள்

இன்று மூன்று முறைகள் பரவலாக உள்ளன. பி.ஆர்.கே. முறையில் கருவிழிப் படலத்தின் மேல்தோல் அகற்றப்பட்டு, அதன் கீழுள்ள பரப்பில் எக்சைமர் லேசர் நேரடியாகச் செலுத்தப்படுகிறது. மேல்தோல் மீண்டும் வளர்ந்து மூடும் வரையிலான சில நாட்கள் வலியும் கூச்சமும் இருக்கும், பார்வை தெளியவும் வாரங்கள் ஆகும். லேசிக் முறையில் ஃபெம்டோசெகண்ட் லேசராலோ நுண்வெட்டுக் கருவியாலோ சுமார் 100 முதல் 120 மைக்ரான் தடிமனுள்ள மெல்லிய மடல் ஒன்று வெட்டித் திறக்கப்பட்டு, அடியிலுள்ள திசு செதுக்கப்பட்டபின் மடல் திரும்பப் படுக்கவைக்கப்படுகிறது. மறுநாளே பெரும்பாலோருக்குப் பார்வை தெளிவது இதன் சிறப்பு. ஸ்மைல் முறையில் படலத்தின் உள்ளேயே வில்லை வடிவத் துண்டு ஒன்று லேசரால் வரையப்பட்டு, சில மில்லிமீட்டர் அளவுள்ள கீறல் வழியே வெளியே எடுக்கப்படுகிறது; இது கிட்டப்பார்வைக்கும் அதனுடன் சேர்ந்த உருப்பிறழ்ச்சிக்குமே முதன்மையாகப் பயன்படுகிறது. மூன்றிலும் சொட்டு மருந்தால் கண் மரத்துப்போகச் செய்யப்படுவதால் மயக்க மருந்து வழக்கமாகத் தேவைப்படுவதில்லை.

தகுதியும் தகுதியின்மையும்

சிகிச்சை பெறுபவர் 18 வயது நிறைந்தவராகவும், கண்ணாடிப் பவர் குறைந்தது ஓராண்டாக 0.5 டயாப்டருக்கு மேல் மாறாதவராகவும் இருத்தல் வேண்டும். பவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் கண்ணில் செய்யப்படும் திருத்தம் நிலைக்காது. கருவுற்றிருக்கும் காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் இயக்குநீர் மாற்றங்களால் கண்ணின் அளவீடுகள் மாறக்கூடும் என்பதால் சிகிச்சை ஒத்திவைக்கப்படுகிறது. முடக்குவாதம், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், கட்டுக்குள் வராத நீரிழிவு, கண்ணில் முன்பு வந்த ஹெர்பிஸ் தொற்று, கடுமையான கண் உலர்வு ஆகியவையும், முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின் போன்ற மருந்துகளும் காயம் ஆறுவதைக் கெடுக்கக்கூடும். ஆகவே இவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும்.

மிக முக்கியமான தடை, கெரட்டோகோனஸ் எனப்படும் கூம்புக் கருவிழி நோயாகும். படலம் வலுவிழந்து மெலிந்து கூம்புபோல் முன்தள்ளும் இந்நோய், தொடக்கத்தில் சிலிண்டர் பவர் அடிக்கடி மாறுவதாக மட்டுமே தெரியும். அந்நிலையில் லேசர் செலுத்தினால் படலம் மேலும் தளர்ந்து பார்வை நிலையாகக் கெடலாம். கண்ணை அடிக்கடி கசக்கும் பழக்கமும், குடும்பத்தில் இந்நோய் இருப்பதும் எச்சரிக்கைக் குறிகளாகும்.

முன்பரிசோதனைகள்

தொடுவில்லை எனப்படும் கான்டாக்ட் லென்ஸ் படலத்தின் வடிவத்தையே மாற்றிவிடுவதால், மென்வில்லை அணிவோர் இரண்டு வாரங்களுக்கும், விறைப்பான வில்லை அணிவோர் நான்கு வாரங்களுக்கும் முன்பே அதைக் கழற்றிவிட்டுப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். படலத்தின் மேடுபள்ளங்களை வரைபடமாக்கும் டோப்போகிராஃபி, தடிமனை அளக்கும் பாக்கிமெட்ரி, கண்ணீர்ச் சுரப்புச் சோதனை, கண் அழுத்த அளவீடு, கண்பாவையை விரித்துச் செய்யும் விழித்திரைப் பரிசோதனை ஆகியவை தவிர்க்கக் கூடாதவை. கிட்டப்பார்வை மிகுந்தோரின் விழிக்கோளம் நீண்டிருப்பதால் விழித்திரை மெலிந்து கிழிய வாய்ப்புண்டு. லேசர் கண்ணாடியை நீக்குமே தவிர அந்த நீளத்தைக் குறைக்காது என்பதால், சிகிச்சைக்குப் பின்னரும் விழித்திரையைத் தொடர்ந்து பரிசோதித்துவர வேண்டும்.

தடிமன் கணக்கும் தகுதியை முடிவுசெய்யும் ஒரு முக்கிய அளவுகோலாகும். திருத்தப்படும் வட்டத்தின் விட்டம் 6 மில்லிமீட்டர் எனில், ஒரு டயாப்டர் கிட்டப்பார்வையைக் குறைக்க ஏறத்தாழ 12 மைக்ரான் திசு நீக்கப்படுகிறது. 540 மைக்ரான் தடிமனுள்ள படலத்தில் 6 டயாப்டரைத் திருத்த 72 மைக்ரான் போக, 110 மைக்ரான் மடலையும் கழித்தால், தாங்குபடுகையாக 358 மைக்ரான் எஞ்சும், இது பாதுகாப்பானது. 480 மைக்ரான் தடிமனில் 8 டயாப்டரைத் திருத்தினாலோ எஞ்சுவது 274 மைக்ரான் மட்டுமே. 250 மைக்ரான் என்பது குறைந்தபட்ச எல்லையாகவும், 300 மைக்ரான் விரும்பத்தக்க எல்லையாகவும் கருதப்படுவதால், இத்தகையோருக்குக் கருவிழித் திசுவை நீக்காமல் கண்ணினுள் வில்லை பொருத்தும் ஐ.சி.எல். முறையே பெரும்பாலும் பொருத்தமாகும்.

பக்கவிளைவுகள்

மடல் வெட்டப்படும்போது படலத்தின் நரம்பிழைகளும் அறுபடுவதால் கண் உலர்வு மிகப் பொதுவான தொல்லையாகிறது. பெரும்பாலோருக்கு அது ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில் தணிகிறது, சிலருக்கு நீடிக்கிறது. இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், கூச்சம், கதிர்ச்சிதறல் ஆகியன தோன்றலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பங்கேற்று நடத்திய ஆய்வுகளில், முன்பு இத்தகைய தொல்லை இல்லாதோரில் 46 விழுக்காடு வரையிலானோர் மூன்றாம் மாதத்தில் ஏதேனுமொரு புதிய பார்வைத் தொல்லையைக் கூறினர்; எனினும் அதனால் அன்றாடப் பணிகளில் பெரும் இடர்ப்பாடு அடைந்தோர் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. குறைத்திருத்தம், மிகைத்திருத்தம், தொற்று, மடல் நகர்தல், படலம் தளர்ந்து முன்தள்ளுதல் ஆகியவை அரிதாக நேர்கின்றன.

சிகிச்சைக்குப் பின்

சொட்டு மருந்துகளைக் குறித்த நாள்வரை இட வேண்டும். கண்ணைக் கசக்குவது, குளத்திலோ கடலிலோ நீந்துவது, முகத்தில் அடிபடக்கூடிய விளையாட்டுகளில் ஈடுபடுவது ஆகியவற்றை மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிர்க்க வேண்டும். தாங்க முடியாத வலியோ திடீர்ப் பார்வைக் குறைவோ தோன்றினால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் எனக் காத்திருக்காமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

நாற்பது வயதையொட்டி வரும் வெள்ளெழுத்தை இச்சிகிச்சை தடுப்பதில்லை. அதுவரை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துவந்த கிட்டப்பார்வையாளர், அக்குறை முழுதும் திருத்தப்பட்டபின் படிப்பதற்கெனக் கண்ணாடி அணிய நேரலாம். படலம் மெலிந்தபின் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டப்படுவதால் குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோய் கவனத்துக்கு வராமல் போகக்கூடும். கண்புரை அறுவையின்போது பொருத்தும் வில்லையின் பவரைக் கணக்கிடுவதும் கடினமாகிறது. வேலைவாய்ப்பிலும் இது கருதத்தக்கது: இந்திய இரயில்வேயின் உதவி லோகோ பைலட் பணிக்கு லேசிக் செய்துகொண்டோர் தகுதியற்றவராகின்றனர்.

ஆகவே லேசர் அறுவை, தக்க கண்ணில் நம்பத்தக்க பயன்தரும் சிகிச்சையே ஆயினும், அது எல்லாக் கண்ணுக்கும் உரியதன்று. எஞ்சும் தடிமன் எவ்வளவு, எம்முறை தமக்கு ஏற்றது, ஏன் என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே ஒருவர் ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். பரிசோதனை முடிவுகளை வாழ்நாள் முழுதும் பாதுகாக்க வேண்டும். தகுதியில்லை என்று மருத்துவர் மறுத்தால், அம்மறுப்பைக் கண்ணுக்குக் கிடைத்த பாதுகாப்பாகவே கொள்ள வேண்டும்.