பிரம்புத் தோட்டம்

வகுப்பறையில் நாம் அஞ்சிய பிரம்பும், வீட்டுத் திண்ணையில் பாட்டனார் சாய்ந்திருந்த நாற்காலியின் பின்னலும் பனைக்குலத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் தண்டே என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மூங்கிலைப் போல் உள்ளீடற்றதன்று, நடுவிலும் கெட்டியானது. சாட்டையாக நீளும் உறுப்பிலுள்ள வளைந்த முட்களால் மரங்களைப் பற்றி மேலேறும். சில வகைகள் 100 மீட்டரையும் கடப்பதுண்டு.

காட்டில் தானாக வளர்ந்ததை மனிதர் வெட்டி வந்தனர் என்றே இதன் வரலாற்றைக் கூறிவிடுவது வழக்கம். அது முழு உண்மையன்று. போர்னியோத் தீவின் தெற்கே, பாரித்தோ ஆற்றங்கரையில் 1850 அளவிலேயே பிரம்பு பயிரிடப்பட்டது. அத்தீவின் தயாக் மக்கள் காட்டைத் திருத்திச் சுட்டு நெல் விதைக்கும் புனத்திலேயே பிரம்பையும் ஊன்றினர். (குறிஞ்சி நிலத் தினைப்புனம் நம் நினைவுக்கு வராமல் போகாது.) ஓரிரு அறுவடைக்குப் பின் அவர்கள் வேறு புனம் தேடிச் செல்ல, காடு மீண்டும் தழைக்கும், அம்மரங்களே பிரம்புக்குக் கொழுகொம்பு. ஏழு முதல் பத்து ஆண்டுகளில் முதல் வெட்டு. தூர்விட்டு வளரும் வகையாதலால், முதிர்ந்த தண்டுகளை வெட்டினாலும் தூர் சாகாது. பணமுடை வந்தால் வெட்டலாம். விலை தாழ்ந்தால் கொடியிலேயே விட்டுவைக்கலாம். நெல்லுக்கு அந்தப் பொறுமை ஏது!

உள்நாட்டு அறைகலன் தொழிலை வளர்க்கக் கருதிய இந்தோனேசிய அரசு, 1986இல் கச்சாப் பிரம்பின் ஏற்றுமதியையும், 1988இல் பாதி பதப்படுத்திய பிரம்பின் ஏற்றுமதியையும் தடைசெய்தது. ஜாவாவின் பட்டறைகளுக்கு மலிவாகச் சரக்கு கிடைத்தது. வெளிநாட்டு வணிகர் விலகியதால் தோட்டக்காரருக்குக் கிடைத்த விலையோ சரிந்தது. தடையின் நோக்கத்தை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் அதன் சுமை யார் தலையில் ஏற்றப்பட்டது என்று கேட்காமலிருக்க இயலவில்லை. விலை பெறாத தோட்டத்தைக் காத்து நிற்பவர் யார்? 1997-98இன் பெருந்தீயில் கிழக்குக் கலிமந்தானில் பல தோட்டங்கள் கருகின. தடை இடையே தளர்ந்து, 2012இன் தொடக்கத்தில் மீண்டும் வந்தது. இதற்குள் எண்ணெய்ப்பனைக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் கைமாறிய நிலங்கள் பல.

மகாகாம் ஆற்றுப் பகுதியின் பெனுவாக் குடும்பங்கள் சில இன்றும் தூர்களை விட்டுவைத்துள்ளன; பாய்க்கும் முதுகுக்கூடைக்கும் அவர்களுக்குப் பிரம்பு வேண்டியிருக்கிறது.