கூகுள் விளம்பர வணிகத்தின் விருத்தி: இரு காரணங்கள்

ஒரு வணிக ஸ்தாபனம் பெருத்துவிட்டது என்ற மாத்திரத்தில் அதைப் புகழ்வதும் நியாயமன்று, இகழ்வதும் நியாயமன்று. எவ்வழியில் பெருத்தது என்று ஆராய்வதே முறை. கூகுளின் விளம்பர வருவாய் 2024-இல் 26,400 கோடி டாலரைக் கடந்தது. இவ்விருத்திக்குக் காரணம் ஒன்றல்ல, இரண்டு என்பதும், அவற்றுள் முன்னது அறிவின் பயன், பின்னது உடைமையின் பயன் என்பதும், இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கலாகாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதற் காரணத்தை முதலில் பார்ப்போம். தேடுவோர் இடும் சொல்லை ஏலத்துக்கு விடும் யோசனை கூகுளுடையதன்று. பில் கிராஸ் 1998-இல் அறிமுகப்படுத்தியதும், பின்னர் ஓவர்ச்சர் என்று பெயர் மாறியதுமான கோடூ நிறுவனமே அதை வியாபாரமாக்கிக் காட்டியது. அங்கே அதிக விலை கேட்டவருக்கே முதலிடம். 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கிய கூகுள், 2002 பிப்ரவரியில் அவ்வேல முறையைத் தானும் கைக்கொண்டபோது, கேட்ட விலையோடு, விளம்பரத்தைக் கண்டவர்களுள் எத்தனை பேர் அதைச் சொடுக்கினார்கள் என்ற விகிதத்தையும் பெருக்கி வரிசையை நிர்ணயித்தது.

உதாரணமாக, சொடுக்கு ஒன்றுக்கு 1 டாலர் தர இசைபவரின் விளம்பரத்தை நூற்றுக்கு ஒருவரே சொடுக்க, 60 சென்ட் மட்டுமே தர இசைபவரின் விளம்பரத்தை மூவர் சொடுக்குவதாகக் கொள்வோம். நூறு முறை காட்டினால் முன்னவரால் 1 டாலரும் பின்னவரால் 1.80 டாலரும் வரக்கூடுமாதலால், முதலிடம் பின்னவருக்கே. அவர் செலுத்த வேண்டியதோ முன்னவரை விஞ்சப் போதுமான ஏறத்தாழ 34 சென்ட்தான். சிறு வணிகரும் பெருமுதலாளியை முந்தக்கூடிய இவ்வேற்பாட்டால் தேடுவோரும் நன்மை பெற்றனர். இதனால் வந்த லாபத்தை எவரும் குறை கூற இயலாது.

இரண்டாம் காரணம் வேறு வகையினது. பத்திரிகைகளின் வலைத்தளங்களில் விளம்பர இடங்களை நிர்வகிக்கும் மென்பொருளை உடைய டபிள்கிளிக்கை 310 கோடி டாலருக்கு வாங்க 2007 ஏப்ரலில் உடன்பட்ட கூகுள், 2008 மார்ச்சில் அதைக் கைவசப்படுத்தியது. அதன்பின், ஒரு செய்திப் பக்கம் திரையில் விரிவதற்குள் நடந்து முடியும் ஏலத்தில், விற்பவரின் கருவியும், வாங்குவோர் பலரின் கருவியும், சுமார் 20 விழுக்காடு தரகு பெறும் ஏலக்களமும் ஒரே ஸ்தாபனத்தின் வசமாயின.

எல்லாம் ஒரே கையில் இருப்பதால் வேகமும் பாதுகாப்பும் மிகும் என்ற வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், அந்நன்மைக்காகப் போட்டியாளரின் வாயிலை அடைக்க வேண்டியதில்லை. கூகுளுக்கு எதிரான வழக்கில் அமெரிக்க நீதிபதி லியோனி பிரிங்கிமா 2025 ஏப்ரல் 17 அன்று அளித்த தீர்ப்பு இவ்விஷயத்தில் நுட்பமானது: டபிள்கிளிக்கை வாங்கியதே குற்றமென்று நிரூபணமாகவில்லை, ஆனால் பத்திரிகைகளுக்கான மென்பொருளையும் ஏலக்களத்தையும் ஒன்றோடொன்று பிணைத்து, இரு சந்தைகளிலும் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாக நிலைநிறுத்தியது நிரூபணமாயிற்று.

ஆகவே, ஆற்றலால் வென்ற இடத்தைப் பறிப்பது அநீதி; விற்பவருக்கும் வாங்குபவருக்கும் முகவராக இருப்பவரே ஏலத்தையும் நடத்த விடுவது அதனினும் பெரிய அநீதி. ஏலக்களத்தைத் தனி நிர்வாகத்தின்கீழ்ப் பிரித்து வைப்பதே நீதிக்கும் வணிகத்துக்கும் ஒருங்கே பொருந்தும் பரிகாரமாகும்.